உணவுக்குழல் இரத்தப்போக்கிற்கு எண்டோஸ்கோப் சிகிச்சை: சிகிச்சைக்குப் பின் நேரும் சிக்கல்கள்

நோயைத் தீர்க்க வந்த சிகிச்சையே சில வேளைகளில் வேறொரு தொல்லைக்குக் காரணமாவதை நாம் அறிவோம். அத்தொல்லை எந்நாளில், எவ்வுருவில் வரக்கூடும் என்று முன்னரே தெரிந்து வைத்திருப்போர் அதனைச் சமாளித்துவிடுகின்றனர். தெரியாதோர்க்கே அது பெரும் இடராகிறது. உணவுக்குழலில் புடைத்துள்ள சிரைகளிலிருந்து பெருகும் இரத்தத்தை எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவியின் உதவியால் நிறுத்தும் சிகிச்சை இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். மருத்துவமனையில் இச்சிகிச்சை சிறிது நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆயின் அதனால் விளையும் முக்கியமான சிக்கல் பெரும்பாலும் முதல் வாரத்தின் இறுதியிலோ, இரண்டாம் வாரத்திலோ, நோயாளி தம் ஊருக்குத் திரும்பிய பின்னரே தோன்றுகிறது. அவ்வேளையில் அவருக்கு அருகில் இருப்பவர் நிபுணர் அல்லர். கிராமத்துச் சுகாதாரப் பணியாளரும் பள்ளி ஆசிரியருமே அருகில் இருக்கின்றனர்.

ஆகவே இச்சிகிச்சை யாது, அதன் சிக்கல்கள் யாவை, அவை ஏன் குறிப்பிட்ட நாட்களில் தோன்றுகின்றன, அவற்றைக் கண்டவுடன் செய்ய வேண்டுவது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

புடைசிரைகள் தோன்றும் விதம்

இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகிய உறுப்புகளிலிருந்து திரும்பும் இரத்தம் நேராக இருதயத்தை அடைவதில்லை. அது போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழாயில் ஒன்றுசேர்ந்து, நிமிஷத்திற்கு ஏறக்குறைய 1 லிட்டர் வீதம் கல்லீரலினுள் பாய்கிறது. அங்கு நுண்ணிய வழிகளின் ஊடே பரவிச் சென்று, பின்னரே கல்லீரல் சிரைகளின் வழியாக இருதயத்தை நோக்கிப் போகிறது. கல்லீரல் மிருதுவாக இருக்கும் வரையில் இவ்வோட்டத்திற்குத் தடை ஏதும் இல்லை.

நெடுநாள் மதுப்பழக்கத்தாலோ, ஹெப்படைட்டிஸ் பி, சி ஆகிய வைரஸ்களாலோ, கல்லீரலில் கொழுப்பு மிகுதியாகப் படிவதாலோ அவ்வுறுப்பில் தழும்புகள் மண்டி அது இறுகிப் போகக்கூடும். இந்நிலையே ஸிரோஸிஸ் எனப்படுவது. மதகு அடைபட்ட ஏரியில் நீர்மட்டம் உயர்ந்து, கரை எங்கெங்கு மெலிந்துள்ளதோ அங்கெல்லாம் நீர் வழி தேடுவது போல, கல்லீரலினுள் புக முடியாத இரத்தமும் வேறு வழி தேடுகிறது. உணவுக்குழலின் அடிப்பாகத்தில், சவ்வின் கீழ் ஓடும் மெல்லிய சிரைகள் அத்தகைய வழிகளுள் ஒன்றாகும். சிறிதளவு இரத்தத்திற்கென அமைந்த அச்சிரைகள் பெருவெள்ளத்தைத் தாங்க மாட்டாமல் புடைத்து நெளிகின்றன. இவையே புடைசிரைகள்.

போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையேயுள்ள அழுத்த வேறுபாடு இயல்பான நிலையில் 5 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டுவதில்லை. அது 10 மில்லிமீட்டரை எட்டும்போது புடைசிரைகள் உருவாகத் தொடங்குகின்றன. 12 மில்லிமீட்டரை எட்டியபின் அவை வெடித்து இரத்தம் பெருகும் அபாயம் ஏற்படுகிறது. இங்கு பௌதிக விதி ஒன்றை ஆசிரியர்கள் நினைவுகூரலாம். ஒரு குழாயின் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை, உள்ளழுத்தமும் குழாயின் ஆரமும் மிகுந்தோறும் அதிகரிக்கிறது; அவ்விழுவிசையைத் தாங்கும் சுவரோ விரிய விரிய மெலிகிறது. சைக்கிள் டியூபில் ஓரிடம் புடைத்துக்கொண்டால் அவ்விடமே மேன்மேலும் புடைத்து முடிவில் வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நம் நாட்டில் இந்நோய் முதியோர்க்கும் மது அருந்துவோர்க்கும் மட்டுமே உரியது என்று எண்ணிவிடலாகாது. குழந்தைப் பருவத்திலேயே போர்ட்டல் சிரை அடைபட்டு, கல்லீரல் ஏறக்குறைய நல்ல நிலையில் இருக்கும்போதே புடைசிரைகள் தோன்றுவது இந்தியாவில் அரிதன்று. பள்ளிச் சிறுவன் ஒருவன் திடீரென இரத்த வாந்தி எடுப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணமாகும்.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

1939ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டைச் சேர்ந்த கிராஃபூர்ட், ஃபிரெங்க்னர் என்னும் இருவர், வளையாத உலோகக் குழாய் ஒன்றை உணவுக்குழலினுள் செலுத்தி, குவினைன் கலந்த மருந்தைப் புடைசிரைகளில் ஊசி மூலம் ஏற்றினர். மருந்து சிரையின் உட்சுவரைப் புண்ணாக்கி, இரத்தத்தை உறையச் செய்து, நாளடைவில் அதனைத் தழும்பாக மாற்றியது. ஆயினும் அடுத்து வந்த ஆண்டுகளில் இரத்த ஓட்டத்தை வேறு வழியில் திருப்பிவிடும் பெரிய அறுவைச் சிகிச்சைகளே செல்வாக்குப் பெற்றன. 1950இல் செங்ஸ்டாக்கென், பிளேக்மோர் என்போர் பலூன் பொருத்திய குழாய் ஒன்றை விவரித்தனர். பலூனை ஊதிப் புடைசிரைகளை அழுத்தி இரத்தத்தை நிறுத்துவது அதன் நோக்கம். தற்காலிகப் பாதுகாப்பிற்கென அக்குழாய் இன்றும் சில வேளைகளில் பயன்படுகிறது.

1957இல் ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் வளையும் தன்மையுள்ள கண்ணாடி இழை எண்டோஸ்கோப்பை அறிமுகப்படுத்தினார். அதன் பின்னர் உணவுக்குழலினுள் நோக்குவது எளிதாயிற்று. 1973இல் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள பெல்பாஸ்ட் நகரத்து மருத்துவர்கள் ஜான்ஸ்டன், ராட்ஜர்ஸ் ஆகியோர் 117 நோயாளிகளிடம் 15 ஆண்டுகளில் தாம் பெற்ற அனுபவத்தை வெளியிட்டனர். மறக்கப்பட்டிருந்த ஊசிமருந்து முறை மீண்டும் உலகெங்கும் பரவலாயிற்று.

மூல நோய்க்கு ரப்பர் வளையம் இட்டு அகற்றும் முறை 1960களிலேயே வழக்கிற்கு வந்திருந்தது. அதே தத்துவத்தை உணவுக்குழலுக்குப் பொருத்திப் பார்த்தவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து அறுவை மருத்துவர் ஸ்டீக்மன் ஆவார். 1980களின் பிற்பகுதியில் அவர் வகுத்த வளையக் கட்டு முறையே இன்று முதலிடம் பெற்றுள்ளது.

ஊசிமருந்து முறையின் சிக்கல்கள்

ஊசிமருந்து முறையில் பயனளிக்கும் பொருளும் தீங்கு செய்யும் பொருளும் ஒன்றே. எத்தனாலமீன் ஓலியேட், சோடியம் டெட்ராடெசில் சல்பேட், பாலிடொக்கனால், கலப்பற்ற ஆல்கஹால் ஆகிய மருந்துகள் யாவும் திசுவைப் புண்ணாக்கும் இயல்புடையவை. சிரையினுள் நின்றால் அவை சிரையை மூடும். சிரைக்கு வெளியே கசிந்தாலோ, அளவு மிஞ்சினாலோ உணவுக்குழலின் தசையையே அரிக்கும்.

இச்சிக்கல்களைக் காலத்தை ஒட்டி மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, உடனடியாகத் தோன்றுவன: நெஞ்சுவலி, விழுங்கும்போது வலி, ஓரிரு நாள் சுரம். இவை பெரும்பாலும் தாமாகவே அடங்கும். இரண்டாவது, சில நாட்களில் தோன்றுவன: ஊசியிட்ட இடத்தில் ஆழ்ந்த புண், அப்புண்ணிலிருந்து இரத்தப்போக்கு, நுரையீரல் உறையில் நீர் கோத்தல், உணவுக்குழலில் துளை விழுந்து மார்பினுள் நஞ்சேறுதல். துளை விழுவது அரிது. ஆயின் விழுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். மூன்றாவது, பல வாரங்கள் கழித்துத் தோன்றுவன: ஆறிய புண் தழும்பாகச் சுருங்கி, உணவுக்குழல் குறுகிப் போதல். அத்தகையோர் முதலில் சோறும் ரொட்டியும் விழுங்க முடியவில்லை என்றும், பின்னர் கஞ்சியும் இறங்கவில்லை என்றும் முறையிடுவர்.

இம்முறை குறித்து ஒரு முக்கியமான பாடம் 1991இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் சில கூட்டாக ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டன. மதுவினால் கல்லீரல் கெட்டுப் புடைசிரைகள் தோன்றியிருந்தும், அதுவரை ஒருமுறையேனும் இரத்தம் கக்காத 281 ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு முன்னெச்சரிக்கையாக ஊசிமருந்து ஏற்றப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்கு ஏற்றப்படவில்லை. ஆராய்ச்சி தொடங்கி 22½ மாதங்களில் அது நிறுத்தப்பட்டது. ஏனெனில் ஊசிமருந்து பெற்றோரில் நூற்றுக்கு 32 பேரும், பெறாதோரில் நூற்றுக்கு 17 பேரும் இறந்திருந்தனர். வருமுன் காப்பது நன்றே. ஆயினும் காக்கும் முறையே தீங்கு விளைவிக்கக் கூடுமாயின், அதனை யாருக்கு, எப்போது அளிப்பது என்று அளந்து பார்த்தே முடிவு செய்தல் வேண்டும் என்பதை இவ்வாராய்ச்சி உணர்த்திற்று.

வளையக் கட்டு முறை

வளையக் கட்டு முறையில் எண்டோஸ்கோப்பின் நுனியில் சிறு கண்ணாடிக் குப்பி போன்ற மூடி ஒன்று பொருத்தப்படுகிறது. அம்மூடியின் வெளிப்புறத்தில் ரப்பர் வளையங்கள் விரித்து ஏற்றப்பட்டிருக்கும். மருத்துவர் புடைசிரையை மூடியினுள் உறிஞ்சி இழுத்து, ஒரு வளையத்தை விடுவிக்கிறார். வளையம் சுருங்கிப் புடைசிரையின் அடியை இறுக்குகிறது. இரைப்பையும் உணவுக்குழலும் கூடும் இடத்தில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றிச் சுற்றிப் பல வளையங்கள் இடப்படுகின்றன.

கட்டப்பட்ட பகுதி இரத்தமின்றி மடிகிறது. ஏறக்குறைய 5 முதல் 7 நாட்களில், சிலருக்கு முன்பின்னாக, வளையமும் மடிந்த திசுவும் சேர்ந்து கழன்று விழுகின்றன. அவ்விடத்தில் மேலோட்டமான புண் ஒன்று எஞ்சுகிறது. அது 2 அல்லது 3 வாரங்களில் ஆறித் தழும்பாகிறது. ஒரே அமர்வில் எல்லாப் புடைசிரைகளையும் ஒழிக்க இயலாது. 2 முதல் 4 வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் கட்டி, அவை முற்றிலும் மறையும் வரையில் தொடர வேண்டும்.

இரு முறைகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை 1992இல் ஸ்டீக்மனும் அவரைச் சார்ந்தோரும் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவாக்கிற்று. 129 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். சிகிச்சையால் சிக்கலுற்றோர் ஊசிமருந்துப் பிரிவில் நூற்றுக்கு 22 பேர். வளையக் கட்டுப் பிரிவில் நூற்றுக்கு 2 பேர். இறந்தோர் முறையே நூற்றுக்கு 45 பேரும் 28 பேரும் ஆவர். நம் நாட்டிலும், புது தில்லியில் சரீனும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி குறிப்பிடத் தக்கது. பெரிய புடைசிரைகள் இருந்தும் அதுவரை இரத்தம் கக்காத 89 நோயாளிகளுள், வளையக் கட்டுப் பெற்றோர்க்கு 18 மாதங்களில் இரத்தப்போக்கு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 15 எனவும், புரோப்ரனலால் மாத்திரை உண்டோர்க்கு நூற்றுக்கு 43 எனவும் அவர்கள் கணக்கிட்டனர்.

வளையக் கட்டின் சிக்கல்கள்

சிக்கல் குறைவு என்பதனால் சிக்கல் இல்லை என்று பொருளாகாது. கட்டிய முதல் ஓரிரு நாட்களில் நெஞ்செலும்பின் பின்னால் வலியும், விழுங்குவதில் தடையும் இருக்கும். புடைத்துக் கட்டப்பட்ட பகுதிகள் குழலின் வழியை அடைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். எனவே முதலில் ஆறிய நீராகாரமும், பின்னர் சில நாட்கள் குழைந்த உணவும் கொடுக்கப்படுகின்றன. இவ்வறிவுரையை மறந்து, ஊருக்கு வந்தவுடன் முறுக்கும் எலும்புள்ள கறியும் உண்பது தகாது.

மிக முக்கியமான சிக்கல் வளையம் கழலும் காலத்தில் நேர்வதாகும். மடிந்த திசு விழும்போது கீழேயுள்ள சிரையில் இரத்தம் முற்றிலும் உறைந்திருக்குமாயின் தீங்கில்லை. உறையாதிருந்தாலோ, உள்ளழுத்தம் இன்னும் மிகுந்திருந்தாலோ, அப்புண்ணே வாயாகி இரத்தம் பெருகும். இது பொதுவாகச் சிகிச்சைக்குப் பின் 5ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையில் நேரக்கூடும். நூற்றில் சிலருக்கே இது நேர்கிறது. எனினும் கல்லீரல் மிகவும் நலிந்தவர்களிடமும், இரத்தம் பெருகிக்கொண்டிருக்கும்போதே அவசரமாகக் கட்டப்பட்டவர்களிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது; அவர்களே இதனைத் தாங்கும் வலிமையும் குறைந்தவர்கள். இதனை நிறுத்துவது முதல் இரத்தப்போக்கை நிறுத்துவதைக் காட்டிலும் கடினம். ஏனெனில் புண்ணாகிய இடத்தில் மீண்டும் வளையம் இடுவது எளிதன்று.

குழல் குறுகுதலும் துளை விழுதலும் இம்முறையில் மிக அரிது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு வளையத்திற்கும் எண்டோஸ்கோப்பை வெளியே எடுத்து மீண்டும் செலுத்த வேண்டியிருந்தது. அதற்கெனத் தொண்டையினுள் வைக்கப்பட்ட தடித்த வெளிக்குழாய் சிலருக்குச் சவ்வைக் கிழித்தது. ஒரே முறையில் பல வளையங்களை இடவல்ல கருவி 1990களில் வந்தபின் அவ்வபாயம் நீங்கிற்று.

மற்றொரு குறையும் உண்டு. வளையக் கட்டினால் மறைந்த புடைசிரைகள், உள்ளழுத்தம் குறையாமையால், காலப்போக்கில் மீண்டும் தோன்றலாம். ஓரிடத்தில் கரையை உயர்த்தினால் நீர் வேறிடத்தில் முட்டுவது போல, இரைப்பையில் புதிய புடைசிரைகள் தோன்றுவதும் உண்டு. ஆகவே புடைசிரைகள் மறைந்த பின்னும் முதலில் சில மாதங்களிலும், பின்னர் ஆண்டுதோறும் பரிசோதனை அவசியமாகிறது.

இரைப்பைப் புடைசிரைகளும் பசை சிகிச்சையும்

இரைப்பையின் மேற்பகுதியில் தோன்றும் புடைசிரைகளுக்கு வளையம் பொருந்துவதில்லை. புது தில்லியில் சரீனும் அவர் குழுவினரும் 568 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1992இல் இவற்றை இருக்கும் இடத்திற்கேற்ப வகைப்படுத்தினர். அவ்வகைப்பாடு இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. இவற்றிற்கு, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சோஹேந்திரா என்பவர் 1986இல் விவரித்தபடி, சயனோஅக்ரிலேட் என்னும் பசை ஊசி மூலம் ஏற்றப்படுகிறது. இரத்தத்தைத் தொட்டவுடன் இப்பசை கட்டியாகி வழியை அடைக்கிறது.

அரிதாகப் பசையின் துணுக்கு இரத்த ஓட்டத்துடன் சென்று நுரையீரலிலோ, மண்ணீரலிலோ, மூளையிலோ அடைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பின் திடீர் மூச்சுத்திணறல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் இதனை நினைக்க வேண்டும். சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் பசைக்கட்டி இரைப்பையினுள் விழும்போது இரத்தம் கசிவதும், பசையைச் சுற்றிக் கிருமிகள் குடிகொண்டு விடாத சுரம் வருவதும் உண்டு.

சிகிச்சை நடக்கும்போதே நேரும் அபாயங்கள்

இரத்தம் கக்கும் நோயாளிக்கு எண்டோஸ்கோப் செலுத்தும்போது, இரைப்பையிலுள்ள இரத்தம் மேலெழுந்து மூச்சுக்குழலுக்குள் புகலாம். இதனால் மூச்சடைப்பும், பின்னர் நிமோனியாவும் ஏற்படும். நினைவு தடுமாறியவர்களுக்கும், பெருமளவில் இரத்தம் கக்குபவர்களுக்கும் முதலில் மூச்சுக்குழலில் குழாய் பொருத்திப் பாதுகாப்பளித்த பின்னரே சிகிச்சை தொடங்கப்படுவது இதனாலேயே ஆகும்.

குடலில் தேங்கிய இரத்தம் ஜீரணமாகும்போது அம்மோனியா போன்ற பொருள்கள் மிகுதியாக உண்டாகின்றன. நலிந்த கல்லீரல் அவற்றை அகற்ற மாட்டாமையால் மூளை மயங்குகிறது. பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். நேற்று வரை ஒழுங்காகக் கையெழுத்திட்டவர் இன்று தம் பெயரை எழுதத் திணறுவாராயின், அதனைச் சோம்பல் என்றோ குடிமயக்கம் என்றோ தள்ளிவிடலாகாது.

சிக்கல்களைக் குறைக்கும் வழிகள்

இரத்தப்போக்குத் தொடங்கிய 6 வாரங்களுக்குள் இறப்போர் தொகை ஒரு காலத்தில் பாதிக்கு அருகில் இருந்தது. இன்று அது நூற்றுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 வரையாகக் குறைந்துள்ளது. இதற்கு எண்டோஸ்கோப் மட்டுமே காரணமன்று. அதற்கு முன்னும் பின்னும் செய்யப்படுவன பலவும் சேர்ந்தே இப்பயனைத் தந்துள்ளன.

நோயாளி மருத்துவமனையை அடைந்தவுடன் டெர்லிப்ரெஸ்ஸின், ஆக்ட்ரியோடைட் போன்ற மருந்துகளால் போர்ட்டல் அழுத்தம் குறைக்கப்படுகிறது. ஸிரோஸிஸ் நோயாளிகளுக்குக் கிருமிகளைத் தடுக்கும் மருந்து தொடக்கத்திலேயே அளிக்கப்படுகிறது. நிலைமை சீரானதும் 12 மணி நேரத்திற்குள் எண்டோஸ்கோப் செய்யப்படுகிறது. இரத்தம் ஏற்றுவதிலும் அளவறிதல் வேண்டும். 2013இல் பார்ஸிலோனா நகர மருத்துவர்கள், இரைப்பையிலும் அதன் அருகிலும் இரத்தம் பெருகிய 921 நோயாளிகளிடம் செய்த ஆராய்ச்சியில், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கிய பின்னரே இரத்தம் ஏற்றப்பட்டவர்களுள் நூற்றுக்கு 95 பேரும், 9 கிராமிலேயே ஏற்றப்பட்டவர்களுள் நூற்றுக்கு 91 பேரும் 6 வாரங்கள் கழித்து உயிருடன் இருந்தனர். மிகையாக ஏற்றிய இரத்தம் சிரையின் அழுத்தத்தை மீண்டும் உயர்த்திவிடுகிறது. ‘ஒரு பாட்டில் இரத்தம் போதுமா?’ என்று கலங்கும் உறவினர்க்கு இதனை எடுத்துரைப்பது நன்று.

சிகிச்சைக்குப் பின் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பாண்டப்ரசால் போன்ற மருந்து சிறிது காலம் கொடுக்கப்படுகிறது. வளையப் புண்ணின் பரப்பை அது குறைப்பது காணப்பட்டுள்ளது. புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கிறது. வளையம் கரையைச் செப்பனிடுகிறது என்றால், மாத்திரை ஏரியின் நீர்மட்டத்தைத் தாழ்த்துகிறது. இரண்டும் சேர்ந்தாலன்றிப் பாதுகாப்பு முழுமையாகாது. இவற்றாலும் அடங்காத இரத்தப்போக்கிற்குக் கல்லீரலினுள்ளேயே உலோகக் குழாய் ஒன்றைப் பொருத்தி, போர்ட்டல் சிரையையும் கல்லீரல் சிரையையும் இணைக்கும் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது.

களப்பணியாளர் கவனத்திற்கு

வளையம் இட்ட நாள், வளையங்களின் எண்ணிக்கை, அடுத்த அமர்வுக்குரிய நாள் ஆகிய மூன்றையும் மருத்துவமனைச் சீட்டிலிருந்து குறித்துக்கொள்க. 5ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையில் அவ்வீட்டிற்கு இருமுறையேனும் செல்வது நலம். அப்போது கீழ்க்கண்டவற்றை விசாரித்தல் வேண்டும்.

முதலாவது, மலத்தின் நிறம். தார் போன்று கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றமுள்ள மலம் இரத்தப்போக்கிற்கு அடையாளம். ஆயின் இரத்தம் நின்ற பின்னும் குடலில் எஞ்சிய பழைய இரத்தம் வெளியேறச் சில நாட்கள் ஆகும். எனவே சிகிச்சையை அடுத்த இரண்டு, மூன்று நாட்களில் கறுத்த மலம் கண்டு, பின் மஞ்சளாக மாறினால் அது முறையே. மஞ்சளாக மாறிய மலம் மீண்டும் கறுக்குமாயின் அது புதிய இரத்தம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை உண்போர்க்கும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் போல் ஒட்டுவதில்லை. ஐயம் எழுந்தால் இரத்தம் என்றே கொண்டு அனுப்புவது பாதுகாப்பானது.

இரண்டாவது, நாடித் துடிப்பு. இரத்தம் இழந்தவர்க்கு நாடி விரைவது இயல்பு. ஆனால் புரோப்ரனலால் உண்பவர்க்கு அம்மருந்து நாடியை அடக்கி வைக்கிறது. ஆதலின் ‘நாடி சீராகவே உள்ளது’ என்று அமைதி கொள்ளலாகாது. எழுந்து நின்றவுடன் தலைசுற்றல், வெளிறிய நாக்கு, குளிர்ந்த வியர்வை, இரத்த அழுத்தம் குறைதல் ஆகியவற்றையே நம்புக.

மூன்றாவது, வலியும் சுரமும். ஓரிரு நாள் இலேசான வலி இயல்பு. நாளுக்கு நாள் மிகும் நெஞ்சுவலி, குளிர் சுரம், மூச்சுத்திணறல், உமிழ்நீரும் விழுங்க இயலாமை ஆகியவை இயல்பல்ல.

நான்காவது, வீட்டில் உள்ள மருந்துகள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் போன்ற வலி மாத்திரைகள் இவர்களுக்கு ஆகா. மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரை பல நாள் சிகிச்சையின் பயனைக் கெடுத்துவிடக் கூடும். மருத்துவர் எழுதிய புரோப்ரனலாலை, ‘இரத்தம்தான் நின்றுவிட்டதே’ என்று நோயாளி தாமாக நிறுத்துவதும் கூடாது.

இரத்த வாந்தி கண்டால் நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாய் வழியாக நீரோ, சோடாவோ, மருந்தோ கொடுக்கலாகாது. பழக்கமில்லாதோர் மூக்கு வழியே குழாய் செலுத்த முயலுதல் வளையங்களைப் பெயர்த்துவிடக் கூடும். ஆம்புலன்ஸை அழைத்து, மருத்துவமனைச் சீட்டையும் உடன் அனுப்புக. வளையம் இட்ட நாள் அதில் இருப்பின், பெறும் மருத்துவர்க்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

ஆசிரியர் கவனத்திற்கு

போர்ட்டல் சிரை அடைப்புள்ள மாணவர் தோற்றத்தில் நோயாளியாகவே தோன்றார். கல்லீரல் நன்றாக இருப்பதால் இரத்தப்போக்கையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறார். புடைசிரைகளை முறையாக அகற்றினால் அவர் பல்லாண்டு நல்வாழ்வு வாழ இயலும். ஆகவே அமர்வுகளுக்காக அவர் பள்ளிக்கு வராத நாட்களைக் குற்றமாகக் கருதாமல், அவர் அமர்வைத் தவறவிடாமலிருக்க உதவுவதே ஆசிரியர் கடமை. இத்தகைய மாணவர்க்கு மண்ணீரல் வீங்கியிருப்பதுண்டு. ஆதலின் வயிற்றில் அடிபடக்கூடிய விளையாட்டுகளில் ஈடுபடும் முன் மருத்துவரைக் கலந்துகொள்ளச் செய்ய வேண்டும். சுரத்திற்கென ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ பள்ளியில் கொடுத்துவிடலாகாது. இந்நோய் ஒட்டுவதன்று என்பதையும், இரத்த வாந்தியைக் கண்டு அஞ்சிய உடன் மாணவர்க்கு விளக்குதல் வேண்டும்.

முடிவுரை

எண்டோஸ்கோப் சிகிச்சை இரத்தத்தை நிறுத்துகிறதேயன்றி, இரத்தம் பெருகக் காரணமான நோயை நீக்குவதில்லை. ஒருமுறை கட்டியதும் நலமடைந்ததாக எண்ணி அடுத்த அமர்விற்குச் செல்லாமல் இருப்பது இந்நோயில் பெருந்தவறு. அது நேராமற் காப்பது ஊரில் உள்ளவர்களால் மட்டுமே இயலும். மதுவை அறவே விலக்குதல், ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைக் குழந்தை பிறந்தவுடன் அளித்தல், ஹெப்படைட்டிஸ் பி, சி உள்ளோரைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புதல் ஆகியவை நோயின் மூலத்தையே தாக்கும் வழிகளாம். நிபுணரின் கைத்திறன் மருத்துவமனை வாயிலோடு முடிகிறது. கழலும் வளையத்தின் கீழே புண் ஆறும் வரையில், நாட்காட்டியைப் பார்த்து நாட்களை எண்ணி, நோயாளியை நேரில் கண்டு விசாரிக்கும் பொறுப்பு நம்முடையது.

பயிற்சி வினாக்கள்

1. வளையக் கட்டிற்குப் பின் இரத்தப்போக்கு 5ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையில் நேர்வதற்குக் காரணம் யாது?

2. சிகிச்சைக்குப் பின் 2ஆம் நாள் காணும் கறுத்த மலத்திற்கும் 10ஆம் நாள் காணும் கறுத்த மலத்திற்கும் உள்ள வேற்றுமை என்ன?

3. புரோப்ரனலால் உண்பவரின் நாடித் துடிப்பை மட்டும் நம்பலாகாது என்பது ஏன்?

4. 1991ஆம் ஆண்டின் ஆராய்ச்சி ஏன் இடையில் நிறுத்தப்பட்டது? அதனால் நாம் அறியும் பாடம் யாது?